மெழுகுதிரித் திருநாள்

நத்தார்ப் பண்டிகையின் ஆரவாரம் ஓய்ந்து, ஊவா மலைகளில் வாடைக்கால மழையும் தணிந்து வரும் வேளையில், பெப்ரவரி 2ஆம் திகதி கத்தோலிக்க மக்கள் மெழுகுதிரித் திருநாளைக் கொண்டாடுகின்றனர். பெயரை அறிந்தோர் பலர். அதன் வரலாற்றை அறிந்தோர் சிலரே. ஆதலின் இவ்வாரம் அதனைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றோம்.

பிள்ளை பெற்ற தாய்க்குத் தீட்டுக் கழிக்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. யூதர்களிடையேயும் அஃது இருந்தது. ஆண் மகவு பிறந்த நாற்பதாம் நாளில் தாய் ஆலயம் சென்று, ஓராண்டு நிரம்பிய ஆட்டுக்குட்டியொன்றும் ஒரு புறாவும் காணிக்கை செலுத்தல் வேண்டும். ஆட்டுக்கு வகையற்ற ஏழைகள் இரு புறாக்களைக் கொடுத்தால் போதும். மரியன்னையும் சூசையப்பரும் செலுத்தியது அந்த ஏழையின் காணிக்கையே என்பது லூக்கா எழுதிய நற்செய்தியினின்றும் புலனாகின்றது.

அன்று ஆலயத்தில் குழந்தையைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோன், அதனைப் புறவினத்தார்க்கு ஒளி என்று போற்றினார். தாயை நோக்கி, உன் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் என்றும் கூறினார். எண்பத்து நான்கு வயதுக் கைம்பெண்ணாகிய அன்னாளும் அங்கு வந்து சேர்ந்தாள். ஒளி என்ற அந்தச் சொல்லே பிற்காலத்தில் மெழுகுதிரியாக உருக்கொண்டது.

நாலாம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் பெண்மணி, இவ்விழா அங்கு சிறப்புற நடைபெற்றதைக் குறித்து வைத்துள்ளார். அக்காலத்தில் அங்கு ஜனவரி 6ஆம் நாளிலிருந்து நாட்களைக் கணக்கிட்டமையால், விழா பெப்ரவரி 14இல் வந்தது. கிறிஸ்து பிறப்பு விழா டிசம்பர் 25ஆம் நாளில் நிலைபெற்ற பின்னர், நாற்பதாம் நாள் பெப்ரவரி 2 ஆயிற்று. உரோமாபுரியில் ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் முதலாம் செர்ஜியுஸ் இந்நாளுக்குப் பவனியை ஏற்படுத்தினார். மெழுகுதிரிகளை மந்திரிக்கும் சடங்கு அதற்கும் பின்னர் வந்து சேர்ந்தது. அன்னையின் சுத்திகரத் திருநாள் என வழங்கிய இவ்விழா, 1969ஆம் ஆண்டு வழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது ஆண்டவரைக் காணிக்கையாக்கிய விழா எனப் பெயர் மாறியது.

நிற்க, நம் பகுதிக்கு வருவோம். கண்டி மறைமாவட்டத்தினின்றும் 1972இல் பிரிந்த பதுளை மறைமாவட்டம், பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களையும் தன்னுள் அடக்கியது. ஹாலிஎலைத் தோட்டத்து மக்களுக்கு அதன் பேராலயம் தொலைவன்று. ஆலயத்தில் மந்திரித்த திரியை வீட்டுக்குக் கொணர்ந்து பத்திரப்படுத்துவதும், இடியும் புயலும் வந்தால் அதனை ஏற்றி வேண்டுவதும், உயிர் பிரியும் வேளையில் அதனை அருகில் ஏற்றி வைப்பதும் கத்தோலிக்கரின் பழைய வழக்கங்களாகும்.

மழையிரவில் லயத்துக் காம்பராவில் எரியும் அத்திரியின் பொருளை மலைநாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதையுண்டன. அச்சரிவுகளைப் போன்ற அபாயமான இடங்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. திரி மலையைத் தாங்கி நிற்காது. அதனை ஏற்றுவோரும் அதை அறிவர். தாங்கள் தனித்து விடப்படவில்லை என்னும் ஆறுதலையே அவர்கள் அதனிடம் நாடுகின்றனர்.

அவ்வாறுதலை மெய்ப்பிப்பது யார் கடன்? இரு புறாக்களுக்கு மேல் கொடுக்க வகையற்ற ஒரு குடும்பத்தை முன்னிட்டே இத்திருநாள் தோன்றியது. ஆகவே, அன்று திரி ஏந்துவோர், உறுதியான நிலத்தில் ஒரு வீடு வேண்டுமென்று காத்திருக்கும் அயலாருக்காகவும் குரல் கொடுப்பாராக. ஏனைய சமயத்தினராகிய நம் வாசகர்களும் அதிற் சேர்ந்துகொள்ளத் தடையேதும் இல்லை.