அகவை வரம்பும் அறிவு முதிர்ச்சியும்

மனித வாழ்வைப் பருவங்களாகப் பகுத்துக் காண்பது தமிழ் மரபு. தொல்காப்பிய மரபியல் இளமைக்கெனவே ஒன்பது பெயர்களைத் தருகிறது. பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைமையைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுகின்றன. பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக மகளிர் பருவம் ஏழு என்பதில் ஒன்றுபடும் பாட்டியல் நூல்கள், எப்பருவம் எவ்வயதில் முடிகிறது என்பதில் வேறுபடுகின்றன. இலக்கண ஆசிரியர்களே ஒருமுகமாய் வரையறுக்க இயலாத ஒன்றைச் சட்டம் இயற்றுவோர் எளிதில் வரையறுத்துவிட முடியுமா?

"நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க 18 வயது போதும், ஒரு புட்டி மதுவை வாங்க மட்டும் 21 வயது ஆக வேண்டுமா?" என்னும் வினா இன்று இளைஞரிடையே அடிக்கடி எழுகிறது. கேட்போரை உடனே மடக்கிவிடும் வினா இது. ஆயினும் இதன் உள்ளே ஒரு பிழை மறைந்திருக்கிறது. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே இளைஞர், பல எல்லைகள்

நம் நாட்டுச் சட்டங்களில் வயது வரம்பு ஒன்றாக இல்லை. 14 வயது நிரம்பாதவரைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் வேலைக்கு வைத்தல் ஆகாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 24ஆம் உறுப்பு. மகிழுந்து ஓட்ட உரிமம் பெறவும், ஒப்பந்தம் செய்யவும், வாக்களிக்கவும் 18. ஊராட்சித் தேர்தலில் போட்டியிட 21, மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவர் பதவிக்கு 35. மதுவுக்கோ மாநிலந்தோறும் ஒரு கணக்கு. இராசத்தானில் 18, தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, தில்லியில் 25. பீகாரில் 2016 முதல் எவ்வயதினர்க்கும் மது இல்லை.

இவற்றை முரண்பாடு என்று நகைப்பது எளிது. ஆனால் ஒவ்வொரு வரம்பும் வெவ்வேறு வினாவுக்கு விடையாகப் பிறந்தது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

வாக்குரிமை வந்த வழி

1950இல் நம் அரசமைப்புச் சட்டம் வாக்களிக்கும் வயதை 21 என்றே வகுத்தது. 1988ஆம் ஆண்டின் 61ஆவது திருத்தம் அதனை 18 ஆக்கியது. 1989 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்து, அவ்வாண்டு இறுதியில் நடந்த மக்களவைத் தேர்தலில் 18 வயது இளைஞர் முதன்முறையாக வாக்களித்தனர்.

அமெரிக்காவில் இம்மாற்றம் 1971இல் வந்தது. வியத்நாம் போருக்கு 18 வயது இளைஞரைக் கட்டாயமாக அழைத்த அரசு, அவர்களுக்கு வாக்கினை மறுப்பது எவ்வகை நீதி என்று எழுந்த கேள்வியே 26ஆவது திருத்தத்திற்கு வலுவூட்டியது. அது நியாயமான கேள்வி. ஆனால் அதே வாதத்தை நீட்டி, அந்நாட்டு மாநிலங்கள் பலவும் மது அருந்தும் வயதையும் 21இலிருந்து குறைத்தன. இளைஞர் குடித்துவிட்டு வண்டியோட்டி மாண்ட செய்திகள் பெருகின. முடிவில் 1984இல் நடுவணரசு, 21 வயது வரம்பை ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்று சட்டம் செய்தது. மாநிலங்கள் அனைத்தும் பழைய வரம்புக்குத் திரும்பின.

சப்பான் இப்பாடத்தைத் தெளிவாகக் கைக்கொண்டது. 2022 ஏப்ரலில் முழுவயதை 20இலிருந்து 18 ஆகக் குறைத்த அந்நாடு, மதுவுக்கும் புகையிலைக்கும் உரிய வரம்பை 20 என்றே நிலைநிறுத்தியது. உரிமைக்கு ஓர் அளவு, காவலுக்கு மற்றோர் அளவு என்பது அதன் பொருள்.

இரண்டு உரைகற்கள்

எந்த வயது வரம்பையும் இரண்டு வினாக்களால் உரசிப் பார்க்கலாம். தவறு நேர்ந்தால் அதன் சுமை யார் மேல் விழும்? அத்தவற்றைப் பின்னர்த் திருத்திக்கொள்ள இயலுமா?

வாக்கினை எடுத்துக்கொள்வோம். 18 வயதினர் ஒருவர் தவறாக வாக்களித்தாலும் அது கோடி வாக்குகளுள் ஒன்று. ஐந்தாண்டில் அதனைத் திருத்தும் வாய்ப்பும் வருகிறது. வாக்களித்தே வாக்களிக்கக் கற்கிறோம். எனவே இங்கு வரம்பு தாராளமாக இருத்தல் தக்கது.

மது அத்தகையதன்று. சீர்தூக்கிப் பார்க்கவும் ஆசையை அடக்கவும் துணைசெய்யும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவரை வளர்கிறது என்கிறது மருத்துவ அறிவியல். இளமையில் குடிக்கத் தொடங்கியவர் பின்னாளில் அதற்கு அடிமையாகும் வாய்ப்பு மிகுதி என்பதும் அத்துறையினர் கண்ட உண்மை. சுமையோ குடித்தவரோடு நிற்பதில்லை. தாயின் நகையிலும் தங்கையின் படிப்பிலும் வந்து விழுகிறது. ஆதலின் வாக்குரிமையைக் காட்டி மதுவின் வரம்பைத் தளர்த்தக் கேட்பது பொருந்தாத வாதம்.

எழுத்தில் மட்டும் வாழும் வரம்பு

இளைஞர்க்கு இவ்வளவு கூறிய நாம், அரசை நோக்கியும் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. 2003 முதல் இங்கே சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்தி வருகிறது. 21 வயது நிரம்பாதவர்க்கு விற்கலாகாது என்னும் விதியை எழுதிய கையும், புட்டியை எடுத்துக் கொடுக்கும் கையும் ஒன்றே. விற்பவர் வயதுச் சான்றைக் கேட்காவிடில் அவ்விதி வெறும் மைதான். நடைமுறைப்படுத்தப்படாத சட்டம் இளைஞனைக் காப்பதில்லை. சட்டம் என்பதே ஏட்டுச் சுரைக்காய் என்னும் தீய பாடத்தை அவனுக்குக் கற்பிக்கிறது. மது அறவே விலக்கப்பட்ட நம் சமுதாயத்தாரும் இதனைப் பிறர் சிக்கல் என்று ஒதுக்குதல் ஆகாது. கடை தெருவில் இருக்கும்போது, எந்த வீட்டுப் பிள்ளையும் அத்தெரு வழியேதான் நடக்கிறான்.

திருமண வயதும் நம் பெண்மக்களும்

இதே உரைகற்களைத் திருமணத்திற்கும் பயன்படுத்துவோம். 1978ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என வகுத்தது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் அதனையே தொடர்கிறது. மகப்பேற்றின் சுமையை ஏற்பவள் பெண். படிப்பை இழப்பவளும் பெரும்பாலும் அவளே. அவ்வாறிருக்க அவளுக்கு மட்டும் வரம்பு குறைவானேன்? மனைவி இளையவளாக இருத்தல் வேண்டும் என்னும் வழக்கமன்றி இதற்கு வேறு காரணம் புலப்படவில்லை. 2018இல் சட்ட ஆணையம் இருவர்க்கும் 18 என ஒரே வயதைப் பரிந்துரைத்தது. 2021இல் பெண்ணின் வயதையும் 21 ஆக்கக் கொண்டுவரப்பட்ட மசோதா, 2024இல் மக்களவை கலைக்கப்பட்டபோது காலாவதியாயிற்று. இருவர்க்கும் ஒரே வரம்பு என்பதே நேர்மையானது என்பது எம் கருத்து.

பருவமடைதலே போதும் என்று எண்ணும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்கள் நம் மார்க்கச் சட்ட மரபையே கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். உடல் பருவமடைதல் 'புலூக்'. நன்மை தீமை அறிந்து நடக்கும் முதிர்ச்சி 'ருஷ்து'. அநாதைகளின் சொத்தை ஒப்படைப்பது பற்றிப் பேசும் அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம், திருமணப் பருவத்தை அடைதலோடு நில்லாமல், அவர்களைச் சோதித்து முதிர்ச்சி கண்ட பின்னரே ஒப்படைக்கப் பணிக்கிறது. முதிர்ச்சி காணப்படாதவரின் பொருளை 25 வயது வரை நிறுத்திவைக்கலாம் என்றார் இமாம் அபூ ஹனீஃபா. பொருளை ஒப்படைக்கவே இத்துணை எச்சரிக்கை வேண்டுமெனில், ஒரு பெண்ணின் முழு வாழ்வையும் ஒப்படைக்க எத்துணை எச்சரிக்கை வேண்டும்! இரண்டாம் ஆண்டுப் படிப்பின் நடுவே ஒரு மாணவியின் இருக்கை வெறுமையாகும்போது, சட்டம் மீறப்படாமல் இருக்கலாம். அவள் எழுதியிருக்க வேண்டிய தேர்வை யாரே திருப்பித் தருவார்?

சட்டம் வகுப்பது கீழெல்லை மட்டுமே. 18 ஆனவுடன் மணம் முடித்தே தீர வேண்டும் என்றோ, 21 ஆனவுடன் குடித்துப் பார்க்க வேண்டும் என்றோ எச்சட்டமும் கூறவில்லை. அவ்வெல்லைக்கு அப்பால் நம்மை நடத்த வேண்டியது அறிவு. மாணவர்கள் 18 வயதில் கிட்டிய வாக்கினைத் தவறாது பயன்படுத்துக! ஆசிரியர்கள் அதற்குரிய தெளிவை ஊட்டுக! பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் ஒரு பட்டம் பெறும் வரையேனும் தம் பெண்மக்களுக்குக் காலம் தருக! அகவை தானே ஏறும். அறிவு முதிர்ச்சியோ நாம் தேடினாலன்றி வாராது.