சுவரில் கோபுரம், வரிசையில் மௌனம்

விமான நிலையத்தைச் சுமுகமாகக் கடப்பது எப்படி என்று போதிக்கும் கட்டுரைகள் இதழ்களின் பயணப் பக்கங்களில் வந்தவண்ணம் இருக்கின்றன. முன்னதாகச் சென்றுவிடுங்கள், பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மடிக்கணினியைப் பையின் மேலடுக்கில் வையுங்கள். சிறிய ஊர் நிலையமானால் கவலையே வேண்டாம், அரைமணியில் உள்ளே போய்விடலாம் என்ற ஆறுதலும் தவறாமல் இடம்பெறும். இவ்வறிவுரைகளில் பிழை ஏதுமில்லை. ஆனால் யாருக்கு எழுதப்படுகின்றன? ஏற்கெனவே பத்துமுறை பறந்தவருக்கு. முதன்முறை பறப்பவர் அந்த இதழை வாங்குவதில்லை என்பது எழுதுபவருக்கும் தெரியும், வெளியிடுபவருக்கும் தெரியும்.

திருச்சிராப்பள்ளி போன்றதொரு நிலையத்தின் பயணி யார் என்பதை முதலில் நினைத்துப் பார்ப்போம். புதுக்கோட்டை, பெரம்பலூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் எனச் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களை வழியனுப்ப வேன் பிடித்து வரும் குடும்பங்கள். மகள் பிரசவத்துக்காக முதன்முறை கடல் கடக்கும் தாய்மார்கள். பெருநகர நிலையங்களில் தொழிலதிபர்களும் கணினித்துறையினரும் நிறைந்திருக்கலாம். இங்கே நிறைந்திருப்பவர் கட்டுமானத் தொழிலாளி. நிலையம் அவரை நம்பித்தான் பிழைக்கிறது. அது அவரோடு எந்த மொழியில் பேச வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமுண்டா?

திருச்சியில் புதிய முனையத்தை 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். அவ்வாண்டு ஜூனில் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைத் தாங்கும் கொள்ளளவு. திருவரங்கத்துக் கோபுரமும் கோலமும் சுவர்களை அலங்கரிக்கின்றன. பெயர்ப்பலகையில் தமிழும் உண்டு. அழகுதான், மறுக்கவில்லை. எனினும் ஒரு பண்பாட்டைச் சுவரில் தீட்டுவது எளிது. ஓவியர் வந்து போனால் வேலை முடிந்தது. அந்தப் பண்பாட்டுக்குரிய மனிதர் வரிசையில் நின்று ஐயம் கேட்கும்போது, அவருக்குப் புரியும் விடையைச் சொல்ல அன்றாடம் ஓர் ஆள் வேண்டும். நம் அரசுகள் முதலதற்கு நிதி ஒதுக்கும். இரண்டாவது எந்தத் திட்ட அறிக்கையிலும் ஏறாது.

தென்மாவட்ட நிலையம் ஒன்றில் (பெயர் வேண்டாம், எந்த நிலையத்திலும் நடக்கக்கூடியது) நாம் கண்ட காட்சி இது. பாதுகாப்புச் சோதனை வரிசையில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. கைப்பையில் ஊறுகாய்ப் பாட்டில். காவலர் இந்தியில் ஏதோ சொன்னார், அம்மா சிரித்தார். காவலர் அதையே சற்று உரக்கச் சொன்னார். புரியாதவரிடம் குரலை உயர்த்தினால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை அதிகாரத்துக்கு எக்காலத்திலும் உண்டு. பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் குறுக்கிட்டு, “பாட்டிம்மா, இதைக் கையில கொண்டுபோக விடமாட்டாங்களாம். பெரிய பெட்டியிலதான் போட்டிருக்கணுமாம்” என்றார். “அதை அங்கேயே சொல்லியிருக்கலாமேப்பா, பெட்டியை இப்பதானே உருட்டி விட்டாங்க” என்றார் அம்மா. பாட்டில் குப்பைக் கூடைக்குப் போயிற்று. அவர் கேட்டதைவிடக் கூர்மையான நிர்வாக விமர்சனத்தை நாம் எந்தத் தலையங்கத்திலும் வாசித்ததில்லை. விதி தவறன்று, அது சொல்லப்பட்ட இடமும் மொழியுமே தவறு. பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகக் கூடாது, ஊறுகாய் கைப்பையில் வரக் கூடாது, கொப்பரை பெட்டியில் கூடாது என்ற மூன்று வரிகளைத் தமிழில் அச்சிட்டு வாசலிலேயே நிறுத்தினால் வரிசையில் பாதி நெரிசல் குறையும்.

ஊறுகாய் போனால் போகட்டும். வேலையே போகும் இடமும் உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர் பலரின் கடவுச்சீட்டு, ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற வகையைச் சேர்ந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த இவ்வேற்பாட்டின்படி, வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் முன்அனுமதி பெற்றிருக்க வேண்டும். முகவர்களின் மோசடியிலிருந்து தொழிலாளியைக் காப்பதே இதன் நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் காக்கப்பட வேண்டியவர் குடியகல்வு அதிகாரியின் முன் நிற்கும்போது, யார் அனுப்பினார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்ற கேள்விகள் அவருக்குப் புரியாத மொழியில் வந்தால் அவர் திணறுவார். திணறல் ஐயமாகும். ஐயம் வந்தால் பயணம் நிற்கும். வட்டிக்குக் கடன் வாங்கி முகவரிடம் கட்டிய பணம் அந்த ஐந்து நிமிடத்தில் தொங்குகிறது. முகவரின் மோசடியை அவர் வாய்திறந்து சொல்லக்கூடிய கடைசி இடமும் அதுவே. எந்த மொழியில் சொல்வார்?

விமான நிலைய அறிவிப்புகள் முதலில் உள்ளூர் மொழியிலும், பின்னரே இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைய வேண்டும் என்று 2018 டிசம்பரில் ஒன்றிய அரசே பணித்தது. ஆக, கொள்கையளவில் வழக்கு எப்போதோ வென்றாயிற்று. ஒலிபெருக்கியோடு அது நின்றுவிட்டது என்பதே நம் குறை. ஒலிபெருக்கி கேள்விக்குப் பதில் சொல்லாது. 2020 ஆகஸ்டில் சென்னை நிலையத்தில், இந்தி தெரியாது என்று சொன்ன கனிமொழியிடம் நீங்கள் இந்தியரா என்று கேட்கப்பட்டதாக அவர் பொதுவெளியில் எழுதினார்; உடனே விசாரணைக்கு உத்தரவாயிற்று. அவர் நாடாளுமன்ற உறுப்பினர். அரியலூர்க் கொத்தனாரிடம் அதே கேள்வி கேட்கப்பட்டால் எந்த உத்தரவும் பிறக்காது. அவரும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

காவலர்கள் பல மாநிலத்தவர், இடமாற்றலில் வந்து போகிறவர்கள், அவர்களிடம் தமிழ் எதிர்பார்ப்பது நியாயமா என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அந்த இளைஞர்கள்மீது நமக்கு வருத்தம் ஏதுமில்லை. பன்னிரண்டு மணி வெயிலில் வாசலில் நிற்பவர்களும் அவர்களே. யாரையும் இலக்கணம் கற்கச் சொல்லவில்லை. சோதனை வரிசையில் பேசப்படுபவை மிஞ்சிப்போனால் முப்பது வாக்கியங்கள். “பையில் தண்ணீர் இருக்கிறதா?”, “போனை இதில் வையுங்கள்”, “கையைத் தூக்குங்கள்”. வடமாநிலத்திலிருந்து வந்து நம் ஊர் உணவகத்தில் பரிமாறும் பையன் இதைவிட அதிகமான தமிழை ஒரு மாதத்தில் பேசுகிறான். அவனுக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. பேசாவிட்டால் வியாபாரம் நடக்காது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

நம் தமிழ்த்துறை நண்பர்களும் இதில் தப்ப முடியாது. இலங்கையில் ‘குடிவரவு, குடியகல்வு’, சிங்கப்பூரில் ‘குடிநுழைவு’. அங்கெல்லாம் அச்சொற்கள் பலகையிலும் பத்திரிகையிலும் புழங்கி மக்கள் வாய்க்கு வந்துவிட்டன. இங்கே நாம் எதைச் சொல்வது என்று கருத்தரங்கம் நடத்திக்கொண்டே இருக்கிறோம். பயணி ‘இமிக்ரேசன்’ என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். போர்டிங் பாஸுக்கு நான்கு கலைச்சொற்களைப் பரிந்துரைத்து நான்கையும் எவரும் பயன்படுத்தாதபடி பார்த்துக்கொள்வதைவிட, ‘போர்டிங் பாஸைக் காட்டுங்கள்’ என்று தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுவது தமிழுக்குச் செய்யும் பெரிய தொண்டு. தூய்மை பிறகு வரட்டும்.

இதற்கிடையே, 2025 செப்டம்பரில் திருச்சி உள்ளிட்ட ஐந்து நிலையங்களுக்கு விரைவுக் குடியேற்றச் சோதனைத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. இணையத்தில் முன்பதிவு செய்து, கைரேகையும் முகப்படமும் கொடுத்துவிட்டால், அதிகாரியின் முன் நிற்காமலேயே தானியங்கிக் கதவு வழியே போய்விடலாம். கட்டணமில்லை. வரவேற்க வேண்டியதே. ஆயினும் வலைத்தளம் திறந்து, ஆவணங்களை ஏற்றி, மின்னஞ்சல் பார்த்து வரத் தெரிந்தவர் முன்பும் வரிசையில் சிக்கித் திணறியவரல்லர். கதவு அவருக்குத் திறந்துவிட்டது. ஊறுகாய்ப் பாட்டிலைப் பறிகொடுத்த அம்மா பழைய வரிசையில்தான் நிற்கப்போகிறார். அடுத்த முறை, பின்னால் நின்று பெயர்த்துச் சொல்ல அந்த இளைஞரும் இருக்கமாட்டார்.