எழுத்துக்கு ஓர் உப்புவரி!

தேவாரப் பாடல் பெற்ற இரும்பை மாகாளத்தினின்று கிழக்கே இறங்கிக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளை வெளேரெனக் கண்ணைப் பறிக்கும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். கடல் தமிழனுடையது; மண் தமிழனுடையது; பாத்தியில் காலூன்றிக் காயும் கதிரவன்கீழ் உப்பு வாரும் கையும் தமிழனுடையதே. ஆயினும், 1805இல் கிழக்கிந்தியக் குழுமம் சென்னைப் பகுதியின் உப்பு வணிகத்தைத் தன் முற்றுரிமையாக்கிக் கொண்டபோது, தான் விளைத்த உப்பைத் தானே விற்பதும் தமிழனுக்குக் குற்றமாயிற்று! உப்பு அவனுடையது, உரிமம் வெள்ளையனுடையது. அவ்வுரிமத்தை எதிர்த்து 1930இல் வேதாரணியக் கடற்கரையில் மக்கள் உப்பள்ளினர், சிறை புகுந்தனர்.

அன்பர்களே! அந்த உரிமம் ஒழிந்துவிட்டதென்றா எண்ணுகின்றீர்? இல்லை. அது உப்பளத்தை விட்டு நம் அலுவலகத்திற்குள் புகுந்துள்ளது. அதன் இன்றைய பெயர் மென்பொருள் உரிமம்.

ஒரு நாற்காலி வாங்கினால் அது நமதாகிறது. உடைந்தால் நாமே செப்பனிடலாம், வேண்டாவிடின் விற்கலாம். மென்பொருளை அவ்வாறு எவரும் நமக்கு விற்பதில்லை. இன்னின்ன வரம்புக்குள் பயன்படுத்திக் கொள்ளலாம் என்னும் இசைவை மட்டுமே விற்கின்றனர். அவ்விசைவும் தலைக்கணக்கில், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில். ஓர் அலுவலகத்தில் நூறு எழுத்தர் இருப்பின் நூறு தலைக்கும் கட்டணம். ஒருமுறை விலை கொடுத்து நிலையான உரிமம் பெற்றாலும் பேணுகைக் கட்டணம் என்று ஒன்று ஆண்டுதோறும் தொடரும். ஆரக்கிள் நிறுவனத்தில் அஃது உரிம விலையில் ஆண்டுக்கு 22 விழுக்காடு. ஐந்தாண்டு கழிந்தால், கொடுத்த விலைக்கு மேல் இன்னொரு விலையையும் கொடுத்து முடித்திருப்போம்! அதன்மேல் கணக்காய்வு விதி வேறு. விற்றவனே வந்து, 'உரிமத்திற்கு மேல் பயன்படுத்திவிட்டாய்' என்று நம் வீட்டைச் சோதித்துத் தண்டம் கேட்கலாம். உப்பளத்தில் அன்று காவல் நின்றவனுக்கும் இவனுக்கும் என்ன வேற்றுமை?

எம் வட்டாரத்துப் பள்ளியொன்றின் கதையைக் கேளுங்கள். மாணவர் பெயர், மதிப்பெண், கட்டணம் அனைத்தையும் ஒரு விற்பனையாளனின் மென்பொருளில் ஏற்றி வைத்தனர். முதலாண்டு அரைவிலை, மூன்றாமாண்டு இருமடங்கு. கட்டமுடியாதெனத் தலைமையாசிரியர் சொன்ன திங்களே திரை மூடிக்கொண்டது. பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலையாவது கொடு என்றார்க்கு, ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்று விடை வந்தது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் நாற்பது பக்கம். படித்துப் பாராமல் கையெழுத்திட்டிருந்தனர். ஆசிரியர் நால்வர் கோடை விடுமுறை முழுதும் பழைய பதிவேடுகளைப் பார்த்து மீண்டும் கையால் எழுதினர்.

சிறு பள்ளிக்குத்தான் இந்நிலை என்று எண்ண வேண்டா. குசராத்தின் வாடினாரில் பெரும் எண்ணெய் ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்தில் உருசியப் பங்கு உண்டு. அதனால் 2025 சூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை விதித்தது. நான்கே நாளில் அமெரிக்க மைக்குரோசாப்டு நிறுவனம் அவ்வாலையின் மின்னஞ்சல் முதலானவற்றை நிறுத்தியது. உரிமக் கட்டணம் முழுதும் செலுத்தியிருந்தோமே என்று நயாரா தில்லி உயர் வழக்குமன்றம் ஏறியது. அதன் பின்னரே இணைப்பு மீண்டது. தடை விதித்தது ஐரோப்பா. துண்டித்தது அமெரிக்க நிறுவனம். வாயடைத்து நின்றது இந்திய மண்ணிலுள்ள ஆலை! நாளை நம் நிலப்பதிவும் மருத்துவமனைப் பதிவும் இவ்வாறு மூடப்பட்டால் எவரிடம் போய் முறையிடுவது?

விலை பேசத் தெரிந்த அலுவலர் இருந்தால் போதுமே என்பர் சிலர். போதாது. எழுந்து போக முடிந்தவனே விலை பேச முடியும். சந்தையில் ஒரே கடையிருந்தால் அங்குப் பேசுவது விலையன்று, கெஞ்சல். இதற்குத் தமிழ்நாடே சான்று. தமிழ்நாட்டரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006-07இல் தன் அலுவலகக் கணினிகளை இலினக்சுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கென ஏறத்தாழ 30,000 கணினிகளை அவ்வியங்குதளத்திலேயே இயக்கவும் திட்டமிட்டது. 'நீ இல்லாமலும் எம்மால் இயங்க முடியும்' என்று செய்து காட்டிய அந்நாளில்தான் தமிழ்நாடு விற்பனையாளன்முன் நிமிர்ந்து நின்றது. 2008இல் உமாசங்கர் அப்பொறுப்பினின்று மாற்றப்பட்டார். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் இலினக்சோடு விண்டோசும் ஏறி வந்தது. ஒருவர் தோளில் மட்டும் நின்ற கொள்கை அவரோடு இறங்கிவிடும் என்பதே நாம் கற்ற பாடம்.

அண்டைக் கேரளத்தைப் பாருங்கள். அங்கு ஆட்சிகள் மாறின, கொள்கை மாறவில்லை. 2019இல் அரசுப் பள்ளிகளின் இரண்டு இலக்கம் கணினிகளுக்குக் கட்டற்ற இயங்குதளத்தின் புதிய பதிப்பை அணியமாக்கி, அதனால் மிஞ்சும் தொகை 3,000 கோடி உருபா என அந்நாட்டுக் கைட் நிறுவனம் கணக்குக் காட்டியது. மலையாளிக்கு இயன்றது தமிழனுக்கு இயலாதா?

'செர்மனியின் மூனிக்கு நகர் இலினக்சுக்கு மாறிப் பின்னர்த் திரும்பியதே' என்று மேதைகள் சிலர் கேட்கின்றனர். உண்மை. 2003இல் மாற முடிவெடுத்த அந்நகர் 2017இல் விண்டோசுக்குத் திரும்ப முடிவெடுத்தது. கட்டற்ற மென்பொருளுக்கும் செலவுண்டு, பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும் என்பதை யாம் மறைக்கவில்லை. ஆயின் அதே செர்மனியின் சிலெசுவிக்-ஓல்சுடைன் மாநிலம் 2024இல் தன் அரசுக் கணினிகளை இலிப்ரெ ஆபீசுக்கு மாற்றுவதாக அறிவித்து, மாற்றியும் வருகிறது. உரிமத்திற்குக் கொடுக்கும் காசு அயலான் கருவூலத்தை நிரப்புகிறது. பயிற்சிக்குக் கொடுக்கும் காசு நம் இளைஞரின் அறிவை நிரப்புகிறது. எச்செலவு நமக்குச் செலவு, எது முதலீடு என்று நீங்களே சொல்லுங்கள்.

விற்பவன் தமிழனாயின் சரியா எனின், அதுவும் சரியன்று. பூட்டைத் தமிழன் செய்தாலும் திறவுகோல் நம் கையில் இல்லையெனின் அது சிறையே.

ஆகவே தமிழ்நாட்டரசை நோக்கி யாம் கேட்பன ஐந்து:

1. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் வெற்றுத்தாள் அன்றெனின், அரசு கையெழுத்திடும் உரிம ஒப்பந்தம் ஒவ்வொன்றும் தமிழிலும் இருத்தல் வேண்டும்.

2. ஒப்பந்தம் முடியும் நாளில் தரவு முழுவதையும், எவரும் திறக்கக்கூடிய பொது வடிவில், கட்டணமின்றித் திருப்பித் தருதல் வேண்டும். தமிழ் எழுத்துகள் 2010இல் அரசு ஏற்ற குறியீட்டு முறையிலேயே அமைதல் வேண்டும்.

3. அரசின் காசில் எழுதப்படும் மென்பொருளின் மூலநிரல் அரசிடமே இருத்தல் வேண்டும்.

4. எந்தத் துறை எவ்வளவு உரிமக் கட்டணம் கொடுத்தது என்பதை ஆண்டுதோறும் மக்கள்முன் வைத்தல் வேண்டும். விலையை மறைத்து வைப்பது விற்பவனுக்கே வலிமை.

5. பள்ளியில் பிள்ளை முதலில் தொடும் கணினி கட்டற்ற மென்பொருளில், தமிழ்த்திரையில் இயங்குதல் வேண்டும்.

மேடையில் தமிழ் வாழ்க என முழங்கிவிட்டு, அறைக்குள் ஆங்கில ஒப்பந்தத்தைப் படியாமல் கையெழுத்திடுவது தமிழ்ப்பற்றன்று. எழுதுகோலுக்கு நம் முன்னோர் எவனிடமும் இசைவு கேட்டதில்லை. நம் பிள்ளைகள் தம் எழுத்தைத் தம் பெட்டியில் திறக்கக் கடல்கடந்த ஒருவனிடம் ஆண்டுதோறும் கையேந்தி நிற்பதா?

அன்று உப்பை அள்ளிய கை நம் கை. இன்று அக்கை, கையெழுத்திடுமுன் ஒருகால் நின்று படிக்கட்டும். மானம் குறையுமிடத்தில் எழுதுகோலைக் கீழே வைக்கட்டும்.

வெல்க தமிழ்!