சனிக்கிழமை இரவை யாருக்கு விட்டுக்கொடுத்தோம்?



இவ்வாரத் தியானத்திற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரம் 7 முதல் 12 வரையுள்ள வசனங்களை வாசித்துக்கொள்ளுங்கள். துரோவா பட்டணத்தில் ஒரு மேல்வீடு. இரவு நேரம், நிறைய விளக்குகள், நெருக்கமான கூட்டம். பவுல் நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டே போகிறார். ஐத்திகு என்னும் வாலிபன் உறங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். பிரசங்க வேளையில் தூங்குகிறவர்களைக் கண்டிப்பதற்கு இப்பகுதியைப் பயன்படுத்துவது எங்களைப் போன்ற போதகர்களுக்கு வழக்கமாகிவிட்டது. நானும் அப்படிச் செய்தவன்தான். ஆனால் அந்தப் பையன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்பதைக் கவனித்தீர்களா? ஜன்னலில். பாதி உள்ளே, பாதி வெளியே. அவன் விழுந்தபோது பவுல் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பேச்சை நிறுத்தினார், படியிறங்கிப் போனார், அவனை அணைத்துக்கொண்டார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் சபையின் வாலிபர் மூவர் சென்ற மாதம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். ஆலயத்திற்குப் பின்னாலுள்ள சிறிய மண்டபத்தைச் சனிக்கிழமைதோறும் மாலை ஆறரை மணிமுதல் ஒன்பதரை மணிவரை தங்களுக்குத் தர வேண்டும். இரண்டு கேரம் பலகைகள், பாட்டுக் கேட்க ஓர் ஒலிபெருக்கி, தேநீர், அவ்வளவே. சபைப் பிள்ளைகள் மட்டுமல்ல, பேருந்து நிலையத்துச் சுவரின்மேல் இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருக்கும் பையன்களும் வரலாம். தாளின் தலைப்பில் ‘சனிக்கிழமை கிளப்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லே போதுமானதாயிற்று. கமிட்டியில் ஒரு மூத்த சகோதரர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “ஐயா, ஆலய வளாகத்தில் கிளப்பா?” என்று கேட்டார். “ஜெபித்து முடிவு செய்வோம்” என்று சொல்லி நான் ஒத்திவைத்தேன். போதகர் வாயிலிருந்து வரும் அந்த வாக்கியத்தின் பொருள் உங்களுக்குத் தெரியாததல்ல. ‘முடியாது’ என்பதன் பக்தியான வடிவம் அது.

நம் தாத்தாக்கள் ‘காப்பி கிளப்’பில் இட்டலி தின்றார்கள், யாரும் கெட்டுப்போகவில்லை. இன்றோ அச்சொல்லைக் கேட்டால் சீட்டாட்டமும், ‘மனமகிழ் மன்றம்’ என்ற பலகைக்குப் பின்னால் நடக்கும் மதுவிற்பனையும் நினைவுக்கு வருகின்றன. சொல்லுக்கு அஞ்சுவதில் நியாயம் இருக்கலாம். சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சொல்லைக் காரணங்காட்டிக் காரியத்தையே அடக்கம் செய்கிறோமே, அதற்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் ஹாக்னி விக் என்று ஓர் இடம் உண்டு. ஈட்டன் கல்லூரி 1880-இல் அங்கே ஏழைகளுக்காக ஓர் ஊழியத்தைத் தொடங்கியது. உலகப்போருக்குப் பின் வறுமையும் பழுதுபட்ட வீடுகளுமாய்க் கிடந்த அப்பகுதியில், 1959-இல் ஜான் ஓட்ஸ் என்னும் உதவிக் குருவானவர் ஆலயத்தைச் சார்ந்து ஒரு வாலிபர் கிளப்பைத் தொடங்கினார். தொடங்கிய ஆண்டே அதன் பெயராயிற்று: ‘59 கிளப்’. திறப்பு நாளில் பாடியவர் கிளிஃப் ரிச்சர்ட். (அவர் 1940-இல் நம் லக்னோவில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.) நான் சொல்ல வந்தது அந்தப் பாடகரைப் பற்றியன்று, சில ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பற்றி.

அக்காலத்தில் இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்குக் கிடைத்த பேய், தோல் சட்டை அணிந்து மோட்டார் சைக்கிளில் மணிக்கு நூறு மைல் வேகம் தொட முயன்ற வாலிபர் கூட்டம். ‘ராக்கர்கள்’ என்று அவர்களை அழைத்தார்கள். நார்த் சர்க்குலர் சாலையோரத்தில் 1938-இல் லாரி ஓட்டுநர்களுக்காகத் திறக்கப்பட்ட ஏஸ் கஃபே அவர்களுடைய கூடாரம். ஹாக்னி விக் ஆலயத்தின் குருவானவர் பில் ஷெர்கோல்ட் தாமும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர். அந்தப் பையன்களைத் தேடிப்போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு மாலை நகரத்தின் கிழக்கிலிருந்து வடமேற்குவரை வண்டியோட்டிப் போனார். போகும்போதே குருவானவரின் வெள்ளைக் கழுத்துப்பட்டை தெரியாதபடி கம்பளித் துண்டால் மூடிக்கொண்டார். கஃபேயின் முன் வரிசையாய் நின்ற வண்டிகளையும் பையன்களையும் கண்டதும் தைரியம் போயிற்று. நிறுத்தாமல் அப்படியே தாண்டிப் போய்விட்டார்.

அவர் அஞ்சி ஓடியது எனக்குப் பெரிய ஆறுதல். அதைவிட, மறுபடியும் போனது எனக்குக் கடிந்துகொள்ளுதல். இரண்டாம் முறை ஆராதனைக்கான அழைப்புத் தாள்களோடு போய், இறங்கி, உள்ளே நுழைந்தார். உதை விழும் என்று எதிர்பார்த்தவருக்குப் பேச்சுத்துணை கிடைத்தது. 1962-இல் அந்தப் பையன்கள் தங்கள் வண்டிகளோடு அவருடைய ஆலயத்துக்கு வந்தார்கள். வண்டிகள் ஆலயத்திற்குள்ளேயே நிறுத்தப்பட்டன. எண்ணெய் சொட்டும் சக்கரங்களைப் பார்த்து அங்கேயும் ஒரு மூத்த சகோதரர் கண்ணாடியைக் கழற்றியிருப்பார் என்றே நினைக்கிறேன்! அதே ஆண்டில் 59 கிளப்பின் மோட்டார் சைக்கிள் பிரிவு தொடங்கிற்று. சனிக்கிழமை இரவுதோறும் காப்பி, இசைப்பெட்டி, மேஜைப்பந்து. 1964-இல் கடற்கரை ஊர்களில் ‘மாட்’ கூட்டத்தாரும் ராக்கர்களும் மோதிக்கொண்டு நாடே அவர்களைச் சபித்தபோது, அந்த வாலிபர்களைப் பெயர்சொல்லி அழைக்கத் தெரிந்த ஒரு குருவானவர் லண்டனில் இருந்தார். அந்தக் கிளப் இன்றும் இருக்கிறது.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்ட பின் எனக்கு நேரிலும் தொலைபேசியிலும் பலர் சொன்னார்கள். அதிகமாய்ச் சொல்லப்பட்டது, ஆலயம் ஜெபவீடு என்பது. ஆம், கர்த்தர் அப்படியே சொன்னார். எந்த இடத்தில், யாரைத் துரத்தும்போது சொன்னார்? காசுக்காரரையும் வியாபாரிகளையும் துரத்தும்போது. அவர்கள் கடைபரப்பியிருந்தது, வேற்று ஜாதியார் வந்து நிற்கக்கூடிய வெளிப்பிரகாரத்தில் என்று வேத விளக்கவுரைகள் சொல்லுகின்றன. வெளியாள் நிற்கவேண்டிய இடத்தில் உள்ளாட்கள் வியாபாரம் செய்தார்கள். இப்போது நம் மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். திருமண வரவேற்புக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் நாம் அதை வாடகைக்கு விடுகிறோம். பிரியாணி அண்டா அங்கே இறங்குகிறது, வாடகைப் பணத்துக்கு ரசீது கொடுக்கிறோம், மறுநாள் கழுவிவிடுகிறோம். அப்போது யாருக்கும் ஜெபவீடு நினைவுக்கு வரவில்லை. பணம் தராத பையன் வாசலில் நின்றதும் வேதவாக்கியம் வந்துவிடுகிறது.

இரண்டாவது, “விளையாட்டுக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்பது. 1844-இல் லண்டனில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய வாலிப கிறிஸ்தவ சங்கத்தை நீங்கள் எல்லாரும் மதிக்கிறீர்கள். கூடைப்பந்தாட்டம் 1891-இல் அமெரிக்காவில் அச்சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில்தான் பிறந்தது. சென்னையில் 1920-இல் அதன் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி பக் ஓர் ஊழியராகவே இந்நாட்டுக்கு வந்தவர். இவற்றைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். நூறு வருஷத்துக்கு முந்திய வாலிபர்கள் விளையாடினால் அது சரித்திரம், இன்றைய பையன் விளையாடினால் வீண் பொழுதுபோக்கா?

மூன்றாவது மறுப்பை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். “என்ன பாட்டு வைப்பார்கள், பெண்பிள்ளைகள் வந்தால் யார் பொறுப்பு, எவனாவது போதைப்பொருளோடு வந்தால்?” என்று ஒரு தாயார் கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்வி. நியூயார்க்கில் டேவிட் மான்குசோ என்பவர் 1970-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று தம்முடைய வீட்டிலேயே ஓர் இசை இரவைத் தொடங்கினார். மது விற்கவில்லை, அழைப்புப் பெற்றவர்களே வந்தார்கள், கறுப்பரும் வெள்ளையரும் வித்தியாசமின்றிக் கூடினார்கள். அவர் அநாதை விடுதியில் வளர்ந்தவர். அங்கே அலிசியா என்னும் கன்னியாஸ்திரீ பலூன் கட்டி, இசைத்தட்டு போட்டு, பிள்ளைகளுக்கு நடத்திய சிறு கொண்டாட்டங்களே தம் இரவுகளுக்கு மூலம் என்று அவர் பின்னாளில் உணர்ந்தார். இரவு நடன விடுதிகளின் சரித்திரத்தில் தலையாய ஒன்றின் வேரில் ஒரு கன்னியாஸ்திரீயின் அன்பு இருக்கிறது. ஆயினும் மான்குசோவின் அந்த இரவுகளில் போதைப்பொருளும் புழங்கிற்று. அதை மறைத்துவிட்டு அழகான பாதியை மட்டும் உங்களுக்குச் சொன்னால் நான் பொய்யன். ஆகவே அந்தத் தாயாருக்கு என் பதில்: ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பெரியவர்கள், ஒருவரல்ல, இருவர், தொடக்கம்முதல் முடிவுவரை அங்கே இருக்க வேண்டும். கதவு திறந்தே இருக்க வேண்டும். வெளிச்சம் குறைக்கப்படக் கூடாது. ஒன்பதரைக்கு முடிந்தால் ஒன்பதரைக்கு முடிய வேண்டும், பக்கத்து வீட்டார் தூங்க வேண்டுமல்லவா. பெயரேடு ஒன்று வாசலில் இருக்கட்டும். அந்த இருவரில் ஒருவராக வரச் சம்மதமா என்று அவர்களைக் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மறுப்புச் சொன்ன மற்றவர்களில் ஒருவரும் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

இதுவரை மறுத்தவர்களிடம் பேசினேன். ஆதரிக்கிறவர்களோடும் எனக்கு வழக்குண்டு. ஒரு சகோதரர் மிகுந்த உற்சாகத்தோடு வந்தார். “ஐயா, செய்வோம், ஆனால் பெரிதாகச் செய்வோம். பிளெக்ஸ் அடிப்போம், புகை இயந்திரம், வண்ண விளக்கு, வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர், நானூறு நாற்காலி” என்றார். பிரியமானவர்களே, இதுதான் நம்முடைய நோய். வாலிபர் எழுப்புதல் இரவு என்று வருஷத்திற்கு ஒருமுறை நடத்துகிறோம். பேனரில் போதகரின் முகம் ஓர் ஆள் உயரம், கர்த்தருடைய நாமம் ஓரத்தில் ஒரு சாண். அடுத்த சனிக்கிழமை அதே பையன் அதே சுவரின்மேல் உட்கார்ந்திருக்கிறான். நம்மிடமோ நிழற்படத் தொகுப்பு இருக்கிறது.

ஊரில் சிறு இசை இரவுகளை நடத்தும் உலகத்தாருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையே என்று வெட்கப்படுகிறேன். அவர்கள் நானூறு நாற்காலி போடுவதில்லை. இருபது பேருக்கு நிறைந்துவிடும் அறையைத் தேடுகிறார்கள், ஏனெனில் பெரிய மண்டபத்தில் இருபது பேர் தோல்வியைப்போல் தோன்றுவார்கள், சிறிய அறையில் அதே இருபது பேர் ஒரு கூட்டம். கிழமையையும் நேரத்தையும் மாற்றமாட்டார்கள். முதல் வாரம் நண்பர்கள் வருவார்கள். மூன்றாம் வாரம் நாலு பேர்தான் இருப்பார்கள், அன்றைக்கும் விளக்கு எரிய வேண்டும், தேநீர் கொதிக்க வேண்டும். விளம்பரத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகாமல், ஆட்கள் நிற்கும் இடத்துக்கே போய்க் கையில் கொடுத்து, “நீ வா, நான் அங்கே இருப்பேன்” என்று சொல்கிறார்கள். வாசலில் நிற்பவனுக்கு வந்தவனின் பெயர் தெரிந்திருக்கும். லூக்கா 14-இல் விருந்துக்கு ஆள் சேர்க்க ஊழியக்காரன் தெருக்களுக்கும் வேலியோரங்களுக்கும் நடந்து போனான். வீட்டு வாசலில் பேனர் கட்டிவிட்டுக் காத்திருக்கவில்லை.

இன்னொன்றும் அந்த மூவருக்கும் சொல்லிவிட்டேன். கேரம் பலகையைத் தூண்டிலாக்காதீர்கள். எட்டரை மணிக்குத் திடீரென்று விளையாட்டை நிறுத்தி, கதவைச் சாத்தி, பிரசங்கம் தொடங்கினால் அது வஞ்சகம், பையன்கள் மறுவாரம் வரமாட்டார்கள், வராதிருப்பதே நியாயம். மண்டபம் சபையுடையது என்பது அவர்களுக்குத் தெரியும், சிலுவை சுவரில் இருக்கிறது. யாராவது கேட்டால் பதில் சொல்லுங்கள். ஆயக்காரரோடு பந்தியிருந்ததற்காகக் கர்த்தர் பழிச்சொல் கேட்டார், முறுமுறுத்தவர்கள் ஆலயத்துக்குத் தவறாமல் போனவர்கள். அந்தப் பந்தியில் எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்று சீஷர்கள் கணக்கெடுத்ததாக நான் வாசித்ததில்லை. நம்மிடம் கணக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். “ஆறு மாதத்தில் எத்தனை ஞானஸ்நானம்?” என்று ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார். ஞாயிறு பள்ளிக்கு அந்தக் கணக்கைக் கேட்டிருக்கிறோமா? பெண்கள் ஐக்கியத்துக்கு? வாலிபரிடம் மட்டும் வட்டியோடு முதலைக் கேட்கிறோம்.

விண்ணப்பத்தை ஒத்திவைத்தது நான். கமிட்டியைப் பழித்து இதை எழுதவில்லை. அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேருந்து நிலையத்துச் சுவரைத் தாண்டினேன். ஏழு பேர் இருந்தார்கள். ஒருவன் எழுந்து “ஸ்தோத்திரம் ஐயா” என்றான். சிறுவனாயிருக்கையில் நம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன். அவன் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. தலையசைத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். என் கழுத்தில் துண்டு இல்லை என்பதுதான் ஷெர்கோல்டுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம்.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின் கமிட்டி மறுபடியும் கூடுகிறது. இம்முறை விண்ணப்பத்தை நானே முன்மொழியப்போகிறேன். கமிட்டி உறுப்பினர்கள் இதை வாசித்தால், கேள்விகளோடு வாருங்கள், ஆனால் எந்தச் சனிக்கிழமை உங்களால் வந்து அமர முடியும் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த மூன்று வாலிபருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். யார் வீட்டு மாடியிலாவது மேஜைப்பந்துப் பலகை துணி காயப்போடப் பயன்பட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து சனிக்கிழமைக்குள் தெரிவியுங்கள். வண்டி நான் கொண்டுவருகிறேன்.