உம்மாமாரை விசாரிப்பதை நிறுத்துவோம்



நன்றாக வளர்ந்து, இரண்டொரு சொல் பேசத் தொடங்கிய பெண்பிள்ளை, ஒன்றரை வயதளவில் பேச்சை இழக்கிறது. பிஸ்கட் பிடித்துத் தின்ற கை, பிறகு எதையும் பிடிப்பதில்லை. இரண்டு கைகளையும் எந்நேரமும் பிசைந்துகொண்டே இருக்கிறது. இதற்கு ரெட் சிண்ட்ரோம் என்று பெயர். ஏறத்தாழ 10,000 பெண்பிள்ளைகளில் ஒருவருக்கு வருகிறது.

இப்படியொரு பிள்ளை ஊரில் இருந்தால் நாம் முதலில் பிடிப்பது உம்மாவைத்தான். வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டாய்? மஃரிப் நேரம் எங்கே போனாய்? உன் குடும்பத்தில் யாருக்கு இருந்தது? கேள்வி கேட்டே அவளைப் பாதி சாகடித்துவிடுகிறோம்.

இந்தக் கேள்விகளுக்கு விஞ்ஞானம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. வியன்னாவைச் சேர்ந்த வைத்தியர் அன்ட்ரியாஸ் ரெட் 1966 இல் இந்நோயைப் பற்றி எழுதினார். பெய்ரூட்டில் பிறந்து, உள்நாட்டுப் போரினால் அமெரிக்கா சென்ற வைத்தியர் ஹுதா ஸொக்பி, 1983 இல் இப்படியான ஒரு சிறுமியைப் பார்த்தார். காரணத்தைத் தேடத் தொடங்கியவர் விடவில்லை. 1999 இல் அவரது குழு அதைக் கண்டுபிடித்தது: எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றம்.

அநேகமாக எல்லாப் பிள்ளைகளிலும் அந்த மாற்றம் பரம்பரையாக வந்ததல்ல, புதிதாக ஏற்பட்டது. அதுவும் பெரும்பாலும் வாப்பாவின் விந்தணு உருவாகும்போதே ஏற்படுகிறது. பழியை வாப்பாவின் தலையில் மாற்றிப்போட இதைச் சொல்லவில்லை. இது எவருடைய குற்றமும் அல்ல.

இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பிள்ளையை அறைக்குள் வைப்பதும் சரியல்ல. 2007 இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் குழு, அந்த மரபணு முடக்கப்பட்ட எலிகளில் நோய் முற்றிய பிறகு அதை மீண்டும் இயங்க வைத்தது. எலிகள் பெருமளவு தேறின. மூளைக் கலங்கள் செத்துப்போகவில்லை என்பது அப்போது தெளிவானது. 2023 இல் ட்ரொஃபினெடைட் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது நோயைத் தீர்க்காது, சில அறிகுறிகளைக் குறைக்கும். மரபணுச் சிகிச்சையும் மனிதரில் பரிசோதிக்கப்படுகிறது. அவை நம் ஊருக்கு வர எவ்வளவு காலம் எடுத்தாலும், பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் இன்றே தொடங்கக்கூடியவை.

பேச்சுப் பிந்துகின்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்நோய் இல்லை. பரம்பரையாக வரும் நிலைமைகளும் உண்டு. எது எதுவென்று சொல்ல வேண்டியவர் வைத்தியர், பக்கத்து வீட்டார் அல்ல. பேசிய பிள்ளை பேச்சை விட்டால், ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிப் பாருங்கள்; ஆனால் அதே வாரம் சிறுவர் வைத்திய நிபுணரிடமும் காட்டுங்கள். மருந்தைத் தேடுவது தவக்குலுக்கு முரண் என்று நம் மார்க்கம் சொல்லவில்லை.

கிளினிக்குக்கு உம்மாவைத் தனியே அனுப்பாமல் வாப்பாவும் கூடப் போகட்டும். ஜும்ஆ மேடைகளில் இதைப் பேசுவோம். அந்தப் பிள்ளைகளைக் கல்யாண வீட்டுக்கும் பெருநாள் திடலுக்கும் கூட்டி வரும்போது, உற்றுப் பார்க்காமல் இடம்விட்டு உட்காருவோம்.

அல்லாஹ் அந்த உம்மாமாரின் பாரத்தை இலேசாக்குவானாக. ஆமீன்.