வாவியின் மறுகரை

மீன்பாடும் தேனாடு என மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். பேசுவது தவறன்று. ஆயின், அப்பெருமையின் நிழலில் மறைந்து கிடக்கும் சிறுமையைப் பேசாதிருத்தல் தவறாகும். மட்டக்களப்பு வாவி நிலத்தை மாத்திரமன்றிக் கல்வியையும் இரண்டாகப் பிரித்து நிற்கின்றது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலைகள் நகரையும் எழுவான்கரையையுமே பெரிதும் சார்ந்துள்ளன. படுவான்கரை மாணவர் பலர் கலைப்பிரிவிற் சேர்வது விருப்பத்தினாலன்று. அண்மையில் வேறு பிரிவு இன்மையினாலேயாகும்.

“பின்தங்கிய மாவட்டத்துக்குச் சலுகை உண்டே” என்பாருளர். அச்சலுகையின் இயல்பை நோக்குவோம். பல்கலைக்கழக அனுமதியிலே, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அப்பதினாறில் மட்டக்களப்பும் ஒன்று. ஆனால் இவ்வேற்பாட்டின் அலகு மாவட்டம். அதற்கு வாவி தெரியாது. ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் வாய்க்கப்பெற்ற நகர மாணவனும், பௌதிகவியல் ஆசிரியரையே காணாத சிற்றூர் மாணவனும் ஒரே மாவட்டத்தின் பெயரால் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றனர். பின்தங்கியோர் பெயரால் வரும் இடங்களை முந்தியோரே பெறுகின்றனர். மாவட்ட நீதி வேண்டுமென அரசிடம் கேட்கும் நாம், மாவட்டத்துள் நீதியை யாரிடம் கேட்பது?

போரே காரணமென்று சொல்லிக் கைகழுவுவதும் இனி ஒவ்வாது. கிழக்கிலே போர் 2007இல் ஓய்ந்தது. படகுப்பாதையை நம்பியிருந்த மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்பட்டது. அப்பாலத்தால் ஆசிரியர் வருகின்றனர்; இடமாற்றம் கிடைத்ததும் அதே பாலத்தால் மீளுகின்றனர். பாலம் தூரத்தைக் குறைக்கும். மனத்தின் தூரத்தை நாமே குறைத்தல் வேண்டும்.

பாடசாலைகள் செய்யக்கூடியன பல. ஊருக்கொரு விஞ்ஞானப் பிரிவு இயலாதெனின், அயற்பாடசாலைகள் பல இணைந்து ஓரிடத்தில் ஒன்றை நிறைவாக நடத்தலாம். தொலைவிலிருந்து வருவோர்க்கு அங்கே விடுதி அமைக்கலாம். சித்தி வீதம் குன்றுமென அஞ்சி, ஐயத்துக்குரிய மாணவரைக் கணிதத்திலிருந்து விலக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். ஒரு பாடசாலையின் பெருமை எத்தனை பேரை வடிகட்டியது என்பதிலா, எத்தனை பேரைக் கரையேற்றியது என்பதிலா தங்கியுள்ளது? ‘இஸட்’ புள்ளி யாது, விண்ணப்பத்திற் கற்கைநெறிகளை எவ்வொழுங்கில் இடுவது என்பவற்றை ஒன்பதாந் தரம் முதலே பெற்றோருக்கும் மாணவருக்கும் விளக்கலாம். இவை அறியாமையால் இடமிழப்போர், புள்ளி குறைந்து இழப்போரினும் இரங்கத்தக்கவர்.

இறுதியாக நம்மை நோக்கி ஒரு வினா. சுவாமி விபுலானந்தர் 1929இல் கல்லடியிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியபோது, கற்றவர் கல்லாதார்க்குக் கடன்பட்டவர் என்பதைச் செயலாற் காட்டினார். 1981இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்திலேதான் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அதுவே 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒரு பாடசாலை தன் மனையையே பல்கலைக்கழகத்துக்கு ஈந்தது. பல்கலைக்கழகத்தார் பாடசாலைகளுக்கு ஈந்தது யாது? ஆண்டுக்கொரு கலைவிழாவும் ஒரு மலருமோ?

விடுமுறையில் ஊர் திரும்பும் ஒவ்வொரு மாணவரும் வாரத்தில் ஒரு நாள் படுவான்கரைப் பாடசாலையொன்றிற் கற்பிக்கட்டும். விரிவுரையாளர் தம் ஆய்வுகூடக் கதவுகளைத் திறக்கட்டும். அதுவரையில் மீன்பாட்டைப் பற்றிய நமது பேச்சுச் சற்று ஓய்ந்திருத்தல் நன்று. மறுகரையின் குரல் அப்போதாவது நம் செவியில் விழும்.