ஆக்கள் கண்டால் என்ன சொல்லுவினம்?



சுவிஸின் லா ஷோ-து-ஃபோன் நகரில் ஒளிந்து திரிய வளைவு நெளிவு கிடையாது. 1794இல் ஊர் எரிந்தபிறகு, கடிகாரத் தொழிலை மனதில் வைத்துக் கோடு போட்டுக் கட்டிய தெருக்கள். அந்த ஒழுங்குக்காகவே 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அழகுதான். ஆனால் மருந்துக்கடைக்குள் நுழைகிறவரை எதிர்ப்பக்கத்தில் பேருந்துக்கு நிற்பவர் கண்டுவிடுவார். அவர் தமிழராகவும் இருந்துவிட்டால் பொழுதுபடுவதற்குள் நாலு வீட்டுக்குச் சேதி போய்விடும்.

எச்.ஐ.வி. தொற்றோடு குடியோ போதையோ சேர்ந்துகொண்டவரை நம் சனம் இரண்டு முறை தண்டிக்கிறது. நோய்க்காக ஒருமுறை, ‘தானாகத் தேடிக்கொண்டதுதானே’ என்று இன்னொரு முறை. அதனால் அவர் மருத்துவரிடம் ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைக்கிறார். பலர் இரண்டையுமே மறைத்துவிட்டு, அடுத்த தவணைக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள்.

ஒளித்து வைப்பதில் இந்த நியூஷாத்தெல் மாநிலத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. அப்சந்த் என்ற மதுவுக்குப் பேர்போன வால்-து-திராவேர் பள்ளத்தாக்கு இங்கேதான் இருக்கிறது. 1908இல் வாக்கெடுப்பு நடத்தி அதைத் தடைசெய்தார்கள். 1910இல் தடை அமலுக்கு வந்தது. குடி நிற்கவில்லை, நிலவறைக்குள் போய்விட்டது. 2005இல் தடை நீங்கும்வரை கள்ளமாக வடித்துக்கொண்டேயிருந்தார்கள்.

எண்பதுகளில் சுவிஸில் ஹெரோயின் ஊசி பரவியபோதும் முதல் புத்தி தடைதான். சுத்தமான ஊசி கொடுப்பது போதைக்குத் துணைபோவது என்று சொல்லி, கொடுக்கிற மருத்துவர்களின் உரிமத்தைப் பறிப்போம் என 1985இல் சூரிச் மாநில மருத்துவ அதிகாரி மிரட்டினார். ஆந்திரே சைடன்பெர்க் என்ற இளம் மருத்துவரும் சக மருத்துவர்கள் பலரும் பணியவில்லை. ஊசி கைமாறக் கைமாற எச்.ஐ.வி.யும் மாறியதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். சூரிச் மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் பட்டப்பகலில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊசி போட்டுக்கொண்ட காலம் அது. 1992இல் பூங்காவைப் பூட்டினார்கள். கூட்டம் லெட்டனில் கைவிடப்பட்டிருந்த ரயில் நிலையத்துக்கு இடம்மாறியது. 1995இல் அதையும் மூடினார்கள்.

நிலைமையை மாற்றியது பூட்டு மட்டுமல்ல. 1986இலேயே பேர்ன் நகரில், பணியாளரின் கண்ணெதிரே சுத்தமான ஊசி போட்டுக்கொள்ள ஓர் அறை திறந்திருந்தார்கள். பிறகு ஹெரோயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெதடோன் மருந்து பரவலானது. 1994இல் மருத்துவக் கண்காணிப்பில் ஹெரோயின் கொடுக்கும் சிகிச்சை தொடங்கியது. 2008 நவம்பரில் மக்கள் 68 விழுக்காடு வாக்களித்து இதற்கு நிரந்தரச் சட்ட இடம் கொடுத்தார்கள். இன்று சுவிஸில் புதிதாகக் கண்டறியப்படும் எச்.ஐ.வி. தொற்றுகளில் ஊசி வழியாக வந்தவை சில விழுக்காடுதான்.

இதில் எனக்குப் பிடித்தது மருந்துக்கடை மேசை. மெதடோன் குடிக்க வருகிறவருக்கு அதே மேசையில், அதே தண்ணீரோடு, எச்.ஐ.வி. குளிசையையும் கொடுத்துவிடும் வழக்கம் இங்கே உண்டு. நேற்று எடுத்தாயா என்ற விசாரணை இல்லை, நோயின் பெயரைப் பலகையில் எழுதிய தனி வாசலும் இல்லை. வெட்கப்படாதே என்று ஒருவருக்கு உபதேசம் செய்வதைவிட, வெட்கப்பட வேண்டிய சந்தர்ப்பத்தையே எடுத்துவிடுவது மேல்.

2008 சனவரியில் பியேத்ரோ வெர்னாட்சா, பெர்னார் ஹிர்ஷெல் உட்பட நான்கு சுவிஸ் மருத்துவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். குளிசையை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் ஆறு மாதமாவது இருப்பவர், வேறு பாலியல் நோய்கள் இல்லாதபோது, உடலுறவு வழியாகத் தொற்றைக் கொடுப்பதில்லை என்றார்கள். அன்று பொறுப்பில்லாத பேச்சு என்று திட்டியவர்கள் பலர். பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அவர்கள் பக்கமே நின்றன. மனைவிக்குக் கொடுத்துவிடுவோமோ என்று பயந்து ஒதுங்கிப் படுக்கிறவருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? நம் வீடுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

வராததற்கு மொழியும் ஒரு காரணம். பிரெஞ்சுக் கடிதம் வந்தால் நம் வீட்டில் பிரித்து வாசிப்பது பிள்ளை. மருத்துவர் சொல்வதை அப்பாவுக்குத் தமிழில் சொல்வதும் பிள்ளைதான். பதினான்கு வயது மகளை நடுவில் வைத்துக்கொண்டு எந்த அப்பா வாய் திறப்பார்? ஊரிலுள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளரோ அடுத்த கொண்டாட்டத்தில் எதிரே உட்காரப்போகிறவர். இதற்கு வழி இருக்கிறது: வேறு நகரத்திலிருந்து தொலைபேசியில் மொழிபெயர்க்கும் சேவை. தமிழும் அதில் உண்டு. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். மருத்துவரோ மருந்தாளரோ அவர்களின் உதவியாளரோ இரகசியத்தை வெளியே விட்டால் சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 321ஆம் பிரிவு தண்டிக்கும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இதுபோன்ற இரகசியப் பாதுகாப்பைத் தருகிறது.

குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘குடித்த அன்று குளிசை போட்டால் நஞ்சாகிவிடும்’ என்று நம்பி அன்றைய குளிசையை விட்டுவிடுகிறவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். வார இறுதிக் குடி என்றால் வாரத்துக்கு இரண்டு குளிசை போயிற்று. அந்த இடைவெளியில் வைரஸ் மீண்டும் தலைதூக்கலாம். குடித்திருந்தாலும் குளிசையை நிறுத்தாதீர்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். திட்டினால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தெரிந்தவரை மருந்துக்கடையில் கண்டால் வணக்கம் சொல்லுங்கள். என்ன வருத்தம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. பற்றிப் பேச 1097, போதையிலிருந்து மீள 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்